திரைக்குப் பின்னால்

நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்கள் நிறைந்த மன்ஹாட்டன் தீவுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தத் தீவுக்குக் கிழக்கே, ஆற்றைக் கடந்தால் குவீன்ஸ் வட்டாரம். அங்கே அஸ்டோரியா என்னும் பகுதியில் 1920ஆம் ஆண்டு ஒரு பெரிய படப்பிடிப்புக் கூடம் எழுந்தது. பிற்காலத்தில் பாரமவுண்ட் என்று உலகம் அறிந்துகொண்ட நிறுவனத்தின் கூடம் அது. ஹாலிவுட் நாட்டின் மறுகோடியில் இருந்தது. நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயோ அஸ்டோரியாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே மேடை நடிகர்கள் பகலில் இங்கே படத்தில் நடித்துவிட்டு, இரவில் நாடகத்துக்கு ஓடினார்கள்.

மார்க்ஸ் சகோதரர்கள் என்னும் நகைச்சுவை நடிகர்கள் அப்படித்தான் 1929இல் 'தி கோக்கனட்ஸ்' என்ற படத்தை இங்கே நடித்து முடித்தனர். படங்கள் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. அந்நாளைய ஒலிவாங்கிக்கு நல்ல சத்தம், வேண்டாத சத்தம் என்ற வேறுபாடு தெரியாது. காட்சியில் ஒருவர் வரைபடத்தை விரித்தால் தாளின் சரசரப்பு இடிபோல் பதிவாகிவிடும். எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில் தாளைத் தண்ணீரில் நனைத்துவிட்டார்கள். ஈரத்தாள் சத்தம் போடுமா? இன்றும் அந்தப் படத்தைக் கூர்ந்து பார்த்தால், நடிகர்களின் கையில் தாள் தொய்ந்து தொங்குவதைக் காணலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்க இராணுவம் அந்தக் கூடத்தை எடுத்துக்கொண்டு போர்வீரர்களுக்கான பயிற்சிப் படங்களைத் தயாரித்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து இராணுவமும் வெளியேறியது. அந்தக் கூடத்தைச் சேர்ந்த ஒரு கட்டடத்தில்தான் 1988இல் 'மியூசியம் ஆஃப் தி மூவிங் இமேஜ்' திறக்கப்பட்டது. அசையும் படங்களின் அருங்காட்சியகம் என்று தமிழில் சொல்லலாம். திரைப்படம், தொலைக்காட்சி, கணினி விளையாட்டு மூன்றுக்கும் அங்கே இடமுண்டு. 2011இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதீர்' என்ற அறிவிப்பும் இருக்கும். இங்கும் கண்ணாடிப் பெட்டிகள் உண்டு. பழைய கேமராக்கள், தொலைக்காட்சிப் பெட்டிகள், நடிகர்களின் உடைகள், முகங்களை அச்செடுத்த வார்ப்புகள் என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால், அவற்றுக்கு இடையிடையே வருகையாளர் தம் கையால் செய்து பார்க்கும் மேசைகளும் உள்ளன. பார்ப்பதோடு நிற்காமல் செய்து பார்ப்பதற்காகவே பலர் அங்கே வருகிறார்கள். முதன்மைக் கண்காட்சியின் பெயர், 'திரைக்குப் பின்னால்'.

அந்தப் பெயரைப் பேத்தி மொழிபெயர்த்துச் சொன்னதும் தாத்தா சிரித்துவிட்டார்.

“நானும் அங்கேதான் உட்கார்ந்து படம் பார்த்தேன்,” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவள் மலேசியாவில் இரண்டாம் படிவத்தில் படிப்பவள். பள்ளி விடுமுறையில் அத்தையைப் பார்க்கத் தாத்தாவோடு நியூயார்க் வந்திருந்தாள். அத்தைக்கு அன்று வேலைநாள். காலையில் இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, “மாலையில் வந்து கூட்டிக்கொள்கிறேன் அப்பா. சாப்பிட மறந்துவிடாதீர்கள்,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தாத்தா பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்துக்குத் திரையரங்கு கிடையாது. சம்பள நாளையொட்டி வேனில் ஒரு குழு வரும். திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். இருட்டியதும் எம்.ஜி.ஆரோ சிவாஜியோ அந்தத் துணியில் வந்துவிடுவார். முன்பக்கத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்கு மறுபுறம் போய் உட்காருவார்கள். துணி மெல்லியது, அந்தப் பக்கமும் படம் தெரியும். ஆனால், எல்லாம் இடவலமாக மாறியிருக்கும். கதாநாயகன் இடக்கையால் கத்தி சுழற்றுவான். எழுத்துகள் தலைகீழ்க் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கும். எம்.ஜி.ஆர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றே தாத்தா பல காலம் நினைத்திருந்தாராம்.

பத்தொன்பது வயதில் அதே வேனில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் கம்பம் நடும் வேலை. பிறகு புரொஜெக்டரில் படம் ஓட்டும் வேலை. ஆறு ஆண்டுகள் தோட்டம் தோட்டமாகச் சென்று படம் ஓட்டினார். தோட்டங்களில் தொலைக்காட்சி பரவியதும் வேன் நின்றுபோயிற்று. அவர் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். இதையெல்லாம் வீட்டில் அவர் பெரிதாகப் பேசியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

கண்காட்சியின் தொடக்கத்தில் படங்கள் அசைவது எப்படி என்பதை விளக்கும் பகுதி இருந்தது. பக்கவாட்டில் சிறு பிளவுகள் உடைய உருளை ஒன்று. உள்ளே ஓடும் குதிரையின் வெவ்வேறு நிலைகள் வரையப்பட்ட தாள். உருளையைச் சுழற்றிப் பிளவுகளின் வழியே பார்த்தால் குதிரை ஓடுகிறது. பிளவுகளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் வெறும் கலங்கல்தான். சோட்ரோப் என்னும் இந்த விளையாட்டுப் பொருளை 1834இல் இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். திரைப்படம் பிறக்க அறுபது ஆண்டுகள் இருந்த காலம்!

இன்னோர் இடத்தில் கிரெகரி பார்சமியன் என்னும் சிற்பியின் படைப்பு. இருட்டறையில் பல சிற்பங்கள் ஒரு தண்டைச் சுற்றி வேகமாகச் சுழல்கின்றன. அவற்றின்மீது மின்னல்போல் ஒளி விட்டுவிட்டு அடிக்கிறது. அசையாத அந்தச் சிற்பங்கள் கண்ணெதிரே உருமாறுகின்றன. பேத்தி கைத்தொலைபேசியை எடுக்கவும் மறந்து நின்றாள்.

“ஒளி விட்டுவிட்டு வருவதால்தான் இது நடக்கிறது. நடுவில் இருட்டு இல்லையென்றால் வெறும் கலங்கல்தான் தெரியும்,” என்றார் தாத்தா.

“உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா?”

அவர் பழைய புரொஜெக்டர்கள் இருந்த பெட்டியின் அருகே அவளை அழைத்துச் சென்றார். அங்கே அவர் விளக்கிய விளக்கம் எந்தப் பலகையிலும் அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை.

படச்சுருள் புரொஜெக்டருக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒரு சிறு கொக்கி சுருளின் ஓரத்துளையில் நுழைந்து, ஒரு படத்தை இழுத்து விளக்கின் முன் நிறுத்தும். படம் கணநேரம் அசையாமல் நிற்கும். மறுபடி கொக்கி இழுக்கும். ஒரு நொடிக்கு 24 முறை இப்படி நடக்க வேண்டும். படம் நகரும் வேளையில் ஒளி பட்டால் திரையில் கோடு கோடாக இழுத்தாற்போல் தெரியும். எனவே அந்த வேளையில் ஒரு சுழலும் தகடு ஒளியை மறைத்துவிடும். நொடிக்கு 24 முறை மட்டும் இருட்டு வந்தால் கண்ணுக்கு மினுக்மினுக்கென்று தெரியும் என்பதால், படம் நிற்கும்போதும் தகடு ஒருமுறை குறுக்கே வரும். இதனால் ஒளி நொடிக்கு 48 முறை மின்னும், கண் ஏமாந்துவிடும்.

“அப்படியென்றால் படம் பார்க்கும்போது...” பேத்தி கணக்குப் போட்டாள்.

“ஏறக்குறையப் பாதி நேரம் திரையில் ஒன்றுமே இருக்காது. இரண்டு மணி நேரப் படத்துக்குக் காசு கொடுத்தவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருட்டைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார். யாரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.”

இருட்டை நிரப்புவது எது? கண்ணில் விழுந்த உருவம் சற்று நேரம் தங்கிவிடுவதே காரணம் என்று முற்காலத்தில் விளக்கினார்கள். பழைய பாடநூல்களில் இன்றும் அப்படி இருக்கும். 1912இல் மேக்ஸ் வெர்தைமர் என்னும் உளவியலாளர் இதை ஆராய்ந்து, அசைவை உண்டாக்குவது கண்ணைவிட மூளைதான் என்று காட்டினார். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவிலுள்ள பயணத்தை மூளையே எழுதிக்கொள்கிறது.

மாடியில் குரல்பதிவுக் கூண்டு ஒன்று இருந்தது. திரையில் ஒரு பழைய படத்தின் காட்சி ஓடும். நடிகரின் வாயசைவுக்கு ஏற்ப வருகையாளர் ஒலிவாங்கியில் பேச வேண்டும். பிறகு அவர் குரலோடு காட்சி திரும்ப ஓடும். பேத்திக்கு இதில் பெரிய நம்பிக்கை. கைத்தொலைபேசியில் பாட்டுக்கு வாயசைத்து எத்தனையோ காணொளிகள் செய்தவள் அவள். அங்கே பாட்டுக்கு வாய் ஓடியது. இங்கே வாய்க்குக் குரல் ஓட வேண்டும். முதல் முறை முந்திக்கொண்டாள். இரண்டாம் முறை நடிகை வாயை மூடிய பிறகும் இவள் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை நேரம் சரியாக இருந்தது. ஆனால், வீட்டுப் பாடத்தை ஒப்பிப்பதுபோல் குரல் தட்டையாக ஒலித்தது. மூன்றையும் கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு இரவல் குரல் புதிதன்று. '96' படத்தில் திரிஷாவின் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் கேட்டது பாடகி சின்மயியின் குரலை. மொழி தெரியாமல் படத்தையே இயக்கியவரும் உண்டு. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் பேசத் தெரியாதவர். அவர்தான் எம்.ஜி.ஆர் முதன்முதலில் நடித்த 'சதி லீலாவதி'யை 1936இல் இயக்கினார். தாத்தா இதைச் சொன்னபோது பேத்தி நம்பவில்லை. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

அடுத்து ஒரு மேசையில் சிறு பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாக எடுத்து இணைத்துப் பார்த்தார்கள். கால் மணி நேர உழைப்புக்கு மூன்று நொடிப் படம் கிடைத்தது. கணினி விளையாட்டுகள் இருந்த பகுதியில் 1970களின் பெட்டிகள் நின்றன. பேத்திக்கு அவை மிக எளிதாக இருந்தன. தாத்தாவுக்கு மிகக் கடினமாக இருந்தன. அங்கே இருவரும் அதிக நேரம் நிற்கவில்லை.

தொலைக்காட்சிக் கட்டுப்பாட்டு அறை அப்படியன்று. பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் நேரலை எப்படி உருவானது என்பதை அங்கே காட்டினார்கள். சுவர் முழுதும் சிறு திரைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கேமராவின் காட்சி. பந்து வீசுபவரின் முகம், மட்டையாளரின் கால், கூட்டத்தில் ஒரு சிறுவன், வெற்றுத் திடல். இயக்குநரின் குரல் ஓயாமல் கட்டளையிடுகிறது: இரண்டு, ஐந்து, மறுபடி இரண்டு. அவர் எண்ணைச் சொன்ன கணத்தில் அந்தக் காட்சி வீடுகளுக்குப் போகிறது.

வீட்டில் பூப்பந்து ஆட்டத்தை ஆர்வத்தோடு பார்ப்பவள் பேத்தி. ஆட்டம் எப்படி நடந்ததோ அப்படியே தொலைக்காட்சியில் வருகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவற்றையெல்லாம் ஒருவர் ஒதுக்குகிறார் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்தச் சிறுவன் தெரிந்த திரையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் அந்த எண்ணைக் கடைசிவரை சொல்லவில்லை.

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் தாத்தா நின்றார். சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாளும், மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. தோட்டத்துக்கு வர அதற்கும் மேல் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோது மன்றத்துக்கு ஒரே ஒரு பெட்டிதான். “இதுதான் என் வேலைக்கு உலை வைத்தது,” என்று கண்ணாடியை விரலால் தட்டினார். கோபமாகச் சொல்லவில்லை.

ஜிம் ஹென்சனின் பொம்மைகளுக்கென்றே தனிக் கூடம் உண்டு. அவருடைய குடும்பத்தார் வழங்கிய பொம்மைகளையும் பொருள்களையும் கொண்டு 2017இல் அது திறக்கப்பட்டது. 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியின் பொம்மைகளைச் செய்த குழுவின் தலைவர் அவர். 1955இல், அம்மா தூக்கிப்போட்ட பழைய மேலங்கியை வெட்டி, மேசைப்பந்தாட்டப் பந்தை இரண்டாக அறுத்துக் கண்களாக்கிக் கெர்மிட் என்னும் பொம்மையைச் செய்தபோது அவருக்கு வயது பதினெட்டு. பிற்காலத்தில் அதுவே உலகப் புகழ்பெற்ற பச்சைத் தவளையாக மாறியது.

பொம்மலாட்டத்தில் ஆட்டுபவர் மறைந்துகொள்ள மேடை வேண்டும். தொலைக்காட்சிக்கு அது தேவையில்லை என்று ஹென்சன் கண்டார். திரையின் சட்டமே மேடை. சட்டத்துக்குக் கீழே இருப்பவர் யாருக்கும் தெரியமாட்டார். எனவே கலைஞர்கள் கைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பொம்மையை ஆட்டியபடி, தரையில் வைத்த சிறு திரையில் தாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே நடித்தார்கள். அந்தத் திரை கண்ணாடிபோல் காட்டாது. வலப்புறம் நகர்ந்தால் பொம்மை திரையில் இடப்புறம் போகும்.

வருகையாளரும் கேமராவின் முன் பொம்மையை ஆட்டிப் பார்க்க அங்கே இடமிருந்தது. பேத்தியின் பொம்மை திரையைவிட்டு வெளியே ஓடியது. பிடிக்க முயன்றால் இன்னும் தூரம் ஓடியது. தாத்தா வாங்கிக்கொண்டார். அவர் கையில் பொம்மை நேராக நடுவே வந்து நின்று, பேத்தியைப் பார்த்துத் தலையசைத்தது.

“எப்படித் தாத்தா?”

“சின்ன வயதில் எல்லாப் படத்தையும் திருப்பித்தானே பார்த்தேன்!”

நாள்முழுதும் தாத்தா எதையோ தேடிக்கொண்டிருந்தார் என்பதைப் பேத்தி மதியத்துக்குமேல்தான் கவனித்தாள். ஒப்பனை, உடை, அரங்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அங்கே விளக்கம் இருந்தது. பெயர் தெரியாத எத்தனையோ கைகள் ஒரு படத்துக்குள் இருப்பதை அந்தக் கண்காட்சி பெருமையோடு சொன்னது. படம் ஓட்டியவர் மட்டும் அந்த வரிசையில் இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லைதான். படம் எடுத்து முடிந்த பிறகு தொடங்குவது அவர் வேலை. எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் அவருக்கு ஒரு வரி கிடையாது. ஆனாலும் அவர் கை படாமல் அந்தப் பட்டியல் யார் கண்ணிலும் பட்டதில்லை.

உணவகத்தில் உட்கார்ந்து அவள் கேட்கத் தொடங்கினாள். சுருள் அறுந்தால் என்ன செய்வீர்கள்? மழை வந்தால்? ஒரே கருவி இருந்தால் சுருளை எப்படி மாற்றுவீர்கள்? தாத்தா தேநீரை ஆறவிட்டுப் பேசினார்.

சுருள் அறுந்தால் திடலே கூச்சலிடும். டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, கிழிந்த முனைகளைச் சீராக வெட்டி, பசை தடவி ஒட்ட வேண்டும். வெட்டும்போது இரண்டு மூன்று படங்கள் போய்விடும். அடுத்த தோட்டத்தில் மீண்டும் அறுந்தால் இன்னும் சில. ஒரு படம் ஊர் ஊராகச் சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஒரு சண்டைக் காட்சியில் எதிரி விழும் இடம் முழுவதுமே போய்விட்டது. நின்றுகொண்டிருந்தவன் அடுத்த கணம் தரையில் கிடப்பான். தோட்டத்துப் பிள்ளைகள் கதாநாயகனின் வேகத்தை வியந்தார்களாம். வெட்டிய துண்டுகளை அவர் எறிந்துவிடவில்லை. பிள்ளைகள் வாங்கிச் சென்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள்.

படங்கள் தேய்ந்தது மட்டுமன்று, அழிந்தும் போயின. அமெரிக்காவில் தயாரான முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 விழுக்காடு இன்று இல்லை என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்நாளைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. ஓடி முடிந்த படத்தை யாரும் சொத்தாகக் கருதவுமில்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. தமிழ் முதன்முதலாகத் திரையில் எப்படிப் பேசியது என்பதை இனி யாரும் பார்க்க முடியாது.

பேத்தியின் கைத்தொலைபேசியில் அன்று காலை முதல் எடுத்த காணொளிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. இடம் போதவில்லை என்று அது எச்சரித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல் பழையவற்றை அழிக்கப் போனவள் நின்றாள். மூன்று நொடிப் படத்தையும், தட்டையான குரல்பதிவைப் படம்பிடித்ததையும் வைத்துக்கொண்டாள். மன்ஹாட்டன் கட்டடங்களைத்தான் அழித்தாள். அவை எங்கும் போய்விடப் போவதில்லை என்பது அவள் கணக்கு.

புறப்படும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கேமராவின் முன் சில நொடி நடித்தால், அதைத் தனித்தனிப் படங்களாக அச்சிட்டுச் சிறு புத்தகமாகத் தருவார்கள். கட்டைவிரலால் புரட்டினால் படம் ஓடும். பிள்ளைகள் குதித்தும் நாக்கை நீட்டியும் நடித்துக்கொண்டிருந்தார்கள். பேத்தி தாத்தாவை முன்னே தள்ளினாள்.

“நான் என்னம்மா நடிக்கிறது?”

“நடிக்க வேண்டாம் தாத்தா. சுருளை மாட்டிக் காட்டுங்கள்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். காற்றில் ஒரு தட்டை எடுத்து மேலே பொருத்தினார். சுருளின் முனையை இழுத்து, இல்லாத பற்சக்கரத்தில் மாட்டி, விளக்குக்கு முன்னால் ஒரு வளைவு விட்டு, கீழ்த் தட்டில் செருகினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் விரல்கள் தடுமாறவில்லை. ஒளி அணையும்போது கை விசையில் இருந்தது.

அருங்காட்சியகக் கடையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். பேத்தி புரட்டினாள். உள்ளங்கை அளவு தாளில் தாத்தா சுருளை மாட்டினார். அவள் நான்கைந்து முறை புரட்டிய பிறகு அவர் கை நீட்டி வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் புரட்டினார்.

“ஏன் தாத்தா பின்னாலிருந்து?”

“படம் முடிந்ததும் சுருளைத் திருப்பிச் சுற்றி வைக்க வேண்டும்மா. இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்துக்காரர்கள் திட்டுவார்கள்.”